ஒரே ஒரு காட்சிக்கு ஓடிய ஏஏ பேட்டரிகள்: தபாலில் குறைந்த விலைக்குக் கொடுக்கலாமா?

ஒலிமேசை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. மேடை நாடகங்களுக்கு ஒலி பார்ப்பது என் வேலை. நடிகர்களின் உடைக்குள் ஒளித்து வைக்கும் வயர்லெஸ் மைக் ஒவ்வொன்றுக்கும் 2 ஏஏ செல் வேண்டும். எங்கள் குழுவில் 12 மைக், அதனால் ஒரு காட்சிக்கு 24 செல். காட்சி மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். செல்லோ எட்டு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். ஆனாலும் அடுத்த காட்சிக்கு அதே செல்லைப் போடுவதில்லை. நடுவில் ஒரு மைக் அணைந்துவிட்டால் அந்த வசனம் போனது போனதுதான். இந்தத் தொழிலில் காட்சிக்குக் காட்சி புது செல் என்பது வெகு நாள் பழக்கம்.

இப்படிக் கழற்றிப் போட்டவை ஒரு பெரிய டப்பா நிறைய இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், 388. எல்லாம் ஆல்கலைன், ஒரே தயாரிப்பு, காலாவதி ஆக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. பாதிக்கு மேல் உயிருள்ள செல்களைக் குப்பைக்கு அனுப்ப மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. மீதியைப் புதிய செல் விலையில் கால் பங்குக்குத் தபாலில் அனுப்பலாம் என்று நினைக்கிறேன். வாங்குவீர்களா? எப்படிப் பிரித்து, எப்படிக் கட்டி அனுப்புவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பழையவானொலி

ஒரு கேள்விதான் நண்பரே. அந்த 388 செல்லையும் ஒவ்வொன்றாக அளந்தீர்களா?

ஒலிமேசை

டப்பாவில் கைவிட்டு ஒரு முப்பதை எடுத்து மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 1.45 முதல் 1.50 வோல்ட் வரை இருந்தது. எல்லாம் ஒரே மாதிரி ஓடியவை என்பதால் மற்றவையும் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பழையவானொலி

அங்கேதான் சிக்கல். உங்கள் மேல் குறை சொல்லவில்லை, பலரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். நான் பழைய ரேடியோக்களைப் பழுது பார்த்து வருகிறவன். செல் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன்.

புதிய ஆல்கலைன் செல் ஏறத்தாழ 1.6 வோல்ட் காட்டும். அது மெல்ல இறங்கி 0.9 பக்கம் வரும்போது தீர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் லோடு இல்லாமல், அதாவது செல் எதையும் ஓட்டாமல் சும்மா இருக்கும்போது, அளப்பதை நம்பவே கூடாது. தீரும் நிலையில் உள்ள செல்லைக் கூட ஒரு நாள் சும்மா வைத்திருந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். மீட்டரில் நல்ல எண் வரும், கருவியில் போட்டதும் படுத்துவிடும். மீட்டர் செல்லிலிருந்து ஏறக்குறைய எதையும் இழுப்பதில்லை. செல்லை வேலை வாங்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. 10 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்றை எடுங்கள், அரை வாட் தாங்குவதாக இருக்கட்டும். அதைச் செல்லின் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தால் சுமார் 150 மில்லி ஆம்பியர் ஓடும். பத்து விநாடி பொறுத்து, ரெசிஸ்டர் இணைந்திருக்கும்போதே செல்லின் முனைகளில் மீட்டரை வைத்துப் படியுங்கள். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

388 செல்லுக்கும் செய்ய வேண்டும். ஒன்றுக்கு இருபது விநாடி என்று வைத்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்துக்குத்தான் வாங்குகிறவர் காசு கொடுக்கிறார் என்று நினைக்கிறேன். அளக்காத பழைய செல்லுக்கு நான் எதுவும் கொடுக்க மாட்டேன். அளந்ததற்கு உங்கள் கால் பங்கு விலை நியாயம்.

புதுவரவு

மல்டிமீட்டர் எல்லாம் எதற்கு? தரையில் நிமிர்த்திப் போட்டால் குதிக்கிற செல் செத்தது, ‘தொப்’ என்று நிற்பது நல்லது என்று வீடியோவில் பார்த்தேனே?

பழையவானொலி

தம்பி, அதில் பாதி உண்மை இருக்கிறது. 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை முறையாக ஆராய்ந்து எழுதினார்கள். புதிய செல்லின் உள்ளே துத்தநாகம் களி மாதிரி இருக்கும், விழும் வேகத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். செல் ஓட ஓடத் துத்தநாகம் ஆக்சைடாக மாறி உள்ளே இறுகுகிறது, அதனால் குதிக்கிறது. ஆனால் அந்தக் குதிப்பு பாதி தீர்வதற்குள்ளேயே உச்சத்துக்குப் போய்விடும், அதற்கு மேல் மாறாது. குதித்தால் ‘புதியது அல்ல’ என்று மட்டும் அறியலாம். 55 சதவீதம் இருக்கிறதா, 5 சதவீதமா என்று அது சொல்லாது. இங்கே நமக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

தபால்பை

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். பழைய புத்தகம், சிறு பாகங்கள் என்று பல வருடமாகத் தபாலில் விற்று வருகிறேன். முதலில் எடையைப் பாருங்கள் ஐயா. ஒரு ஏஏ ஆல்கலைன் சுமார் 23 கிராம். 40 செல் என்றால் 920 கிராம், பெட்டியும் அட்டையும் சேர்ந்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். தபால் கட்டணம் பெரும்பாலும் எடைப் படிகளில்தான் ஏறுகிறது. ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் அடுத்த படி. 36 செல் 828 கிராம். பெட்டிக்கு 150 கிராம் விட்டாலும் ஒரு கிலோவுக்குள் நிற்கும். 36 என்ற எண் 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் வகுபடும், எந்தக் கருவிக்கும் செட் பிரிக்கலாம்.

நான்கு எட்டு என்று சில்லறையாக அனுப்ப நினைக்காதீர்கள். தபால் செலவு செல் விலையைத் தின்றுவிடும், வாங்குகிறவருக்குப் பக்கத்துக் கடையில் புதிதாக வாங்குவதே லாபமாகிவிடும். பெரிய டார்ச்சுக்குப் போடும் டி செல் வைத்திருப்பவர்களுக்கும் இதே சொல்கிறேன். ஒன்று 140 கிராம் வரும். அதைத் தபாலில் விற்க நினைக்காமல் நடந்து போய்க் கையில் கொடுங்கள்.

கடிகாரப்பெட்டி

ஒலிமேசை ஐயா, எனக்கு 36 வேண்டும், இப்போதே சொல்லி வைக்கிறேன். சுவர்க்கடிகாரம் பழுது பார்க்கிறேன். ஊசி நகரும் கடிகாரம் ஒரு மில்லி ஆம்பியரில் சிறு பங்குதான் எடுக்கும். கேமராப் பிளாஷுக்கு ஆகாது என்று கழித்த செல் கடிகாரத்தில் பல மாதம் சலிக்காமல் ஓடும். என் மேசையில் சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரங்கள் எல்லாம் இப்படிக் கழித்த செல்லில்தான் ஓடுகின்றன.

ஒன்று மட்டும். செல் போட்ட தேதியைப் பேனாவால் செல்லின் மேலேயே எழுதுவேன். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் யாரும் திறந்து பார்ப்பதில்லை, கடைசியில் கசிந்து தகட்டைத் தின்றுவிடும். பழைய செல் போட்டால் வருடத்துக்கு இரண்டு முறை திறந்து பாருங்கள்.

இரண்டுபிள்ளைகள்

எங்கள் வீட்டில் பொம்மைகள் மட்டுமே வாரத்துக்கு நாலு செல் தின்கின்றன. இந்த விலைக்குக் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவேன். பாதி தீர்ந்ததையும் புதியதையும் கலந்து போடலாம்தானே? 4 செல் பொம்மையில் 2 புதியது, 2 பழையது என்று?

பழையவானொலி

வேண்டாம் அம்மா. தயவுசெய்து வேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், செல் கசிவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுதான் முதலாவது.

4 செல்லை வரிசையாக இணைத்தால் ஒரே மின்னோட்டம்தான் நான்கின் வழியாகவும் ஓடும். பலம் குறைந்த செல் முதலில் தீர்ந்துபோகும். மற்ற மூன்றும் நிற்காது. தீர்ந்துபோன செல்லின் ஊடாகவும் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அந்தச் செல்லின் மின்னழுத்தம் தலைகீழாகிவிடும். உள்ளே ஹைட்ரஜன் வாயு உண்டாகி அழுத்தம் ஏறும், அடைப்பு திறந்துகொள்ளும். வாயுவோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வரும். அது வலுவான காரம், தோலையும் கண்ணையும் பதம் பார்க்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் பொட்டாசியம் கார்பனேட்டாக மாறி, ஸ்பிரிங் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கும். நீங்கள் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள்.

என் கையால் நடந்தது ஒன்று. 6 செல் போடும் ரேடியோவில் ஐந்து புதியது, ஒன்று மேசையில் கிடந்தது. ‘ஒன்றுதானே’ என்று போட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது அந்த ஒரு செல்லின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது, ஸ்பிரிங் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்து, தொட்டதும் ஒடிந்து கையோடு வந்தது. அந்த அளவுக்கு இன்னொரு ஸ்பிரிங் தேடிப் பிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

அதனால் பழைய செல் பழையதோடு, அதிலும் லோடு வைத்து அளந்ததில் 0.02 வோல்ட்டுக்குள் நெருங்கி வருகிறவை மட்டும் ஒரு செட்டாக. ஒலிமேசை இப்படிச் செட் பிரித்து நூல் கட்டி அனுப்பினால் உங்களுக்கு எந்தப் பயமும் இல்லை.

இரண்டுபிள்ளைகள்

இவ்வளவு நாளும் கலந்துதான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பொம்மை ரயில் ஏன் அப்படி வெள்ளை பூத்துச் செத்தது என்று இப்போதுதான் புரிகிறது. அதைச் சுத்தம் செய்ய முடியுமா?

பழையவானொலி

முடியும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை வினிகரில் தொட்டு வெள்ளையின் மேல் வையுங்கள், நுரைக்கும். காரத்தை அமிலம் சமன் செய்கிறது. நுரை நின்றதும் ஈரத் துணியால் துடைத்து, நன்றாக உலர வைத்து, தகட்டை மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். ஸ்பிரிங் பாதி தின்னப்பட்டிருந்தால் மாற்றுவதே நல்லது.

காட்டுக்கேமரா

இழையில் இடையே வருவதற்கு மன்னிக்கவும். விலங்குகளைப் படம் எடுக்கும் தானியங்கிக் கேமராக்களில் லித்தியம் ஏஏ போடுகிறேன். பருவம் முடிந்ததும் எல்லாவற்றையும் மாற்றிவிடுவோம். நல்ல நிலையில் 60, 70 செல் மீந்திருக்கிறது. இவற்றையும் இதேபோல் தபாலில் விற்கலாமா? மீட்டரில் எல்லாமே 1.7க்கு மேல் காட்டுகிறது, புதியது மாதிரி.

தபால்பை

நண்பரே, அதை அப்படியே தபால் பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். பார்ப்பதற்கு ஒரே அளவு, மேலே எழுதியிருப்பதும் அதே 1.5 வோல்ட். ஆனால் உள்ளே லித்தியம் உலோகம். ஐ.நா.வின் ஆபத்தான சரக்குப் பட்டியலில் லித்தியம் உலோக செல்லுக்கு எண் 3090, செல்போனில் இருப்பது போன்ற லித்தியம் அயனுக்கு 3480. பயணிகள் விமானத்தின் சரக்கு அறையில் தனிச் சரக்காக லித்தியம் உலோக செல்லை ஏற்ற 2015 ஜனவரியிலிருந்து தடை, லித்தியம் அயனுக்கு 2016 ஏப்ரலிலிருந்து. சர்வதேச அஞ்சலில் கருவிக்குள் பொருத்தாத தனி லித்தியம் செல் போகவே கூடாது. உள்நாட்டில் தரை வழியாக ஏற்பார்களா, என்ன ஒட்ட வேண்டும் என்பதை அந்தந்த ஊர் அஞ்சலகத்தில்தான் கேட்க வேண்டும். கேட்காமல் ‘பேட்டரி’ என்றோ ‘விளையாட்டுச் சாமான்’ என்றோ எழுதி அனுப்புவது பிறர் உயிரோடு விளையாடுவது.

சாதாரண ஆல்கலைன் அந்த வகையில் வராது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. முனைகள் ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகாதபடி கட்டியிருக்க வேண்டும்.

பழையவானொலி

காட்டுக்கேமரா நண்பருக்கு இன்னொரு விஷயம். லித்தியம் ஏஏ தீரும் வரை மின்னழுத்தத்தை ஏறக்குறைய மட்டமாக வைத்திருந்து, கடைசியில் சட்டென்று விழும். மீட்டரில் நன்றாகத் தெரிவதை வைத்து எவ்வளவு மீதி என்று உங்களால் சொல்லவே முடியாது. எத்தனை மாதம் ஓடியது, எத்தனை படம் எடுத்தது என்ற கணக்குதான் ஒரே சான்று. என் கருத்தில், தெரிந்தவர்களுக்கு நேரில் கொடுத்துவிடுங்கள்.

ஒலிமேசை, உங்கள் டப்பாவில் லித்தியம் ஒன்றிரண்டு கலந்திருந்தால் கண்டுபிடிக்க எளிய வழி எடை. ஆல்கலைன் 23 கிராம், லித்தியம் 15 தான். கையில் எடுத்தாலே காலி டப்பா மாதிரி தெரியும். துத்தநாகக் கார்பன் செல்லும் கலந்திருக்கலாம். ‘ஹெவி டியூட்டி’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பவை பெரும்பாலும் அவைதான். கீழே குறியீட்டைப் பாருங்கள். எல்ஆர்6 என்றால் ஆல்கலைன், வெறும் ஆர்6 என்றால் துத்தநாகக் கார்பன். அது சீக்கிரம் கசியும், விற்கத் தகுதியில்லை.

காட்டுக்கேமரா

புரிந்தது, நன்றி. எங்கள் குழுவிலேயே இன்னொருவர் கேமரா வைத்திருக்கிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒலிமேசை

எல்லாருக்கும் நன்றி. இரண்டு மாலை உட்கார்ந்து அத்தனையையும் அளந்துவிட்டேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ‘எல்லாம் ஒரே மாதிரி’ என்று நான் நினைத்தது தவறு.

10 ஓம் வைத்து அளந்ததில் 1.35க்கு மேல் வந்தவை 263. 1.28க்கும் 1.35க்கும் இடையே 91. அதற்கும் கீழே 31. கசிந்தவை 3. அந்த 31இல் சில, லோடு இல்லாமல் அளந்தபோது 1.44 காட்டியவை! ஏன் என்று யோசித்தேன். ஒத்திகை நாட்களில் சிலர் மைக்கை அணைக்காமலே கழற்றி வைத்துவிடுவார்கள், இரவு முழுக்க ஓடியிருக்கும். முதலில் நான் எடுத்த முப்பதில் அவை சிக்கவில்லை, அவ்வளவுதான். அளக்காமல் அனுப்பியிருந்தால் யாரோ ஒருவர் வீட்டுப் பொம்மையில் அந்தச் செல் போயிருக்கும்.

முதல் 263இலிருந்து 36 வீதம் ஏழு பொட்டலம். இரண்டாவது வகையில் இரண்டு பொட்டலம், கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் மட்டும், விலை அதிலும் பாதி. மீதியை நான் வைத்துக்கொள்கிறேன், 31ம் 3ம் பேட்டரி சேகரிப்புப் பெட்டிக்குப் போகும். ஒவ்வொரு செல்லின் மேலும் அளந்த எண்ணை மார்க்கரால் எழுதியிருக்கிறேன், நோட்டிலும் வரிசையாகக் குறித்திருக்கிறேன்.

இன்னொன்று. கிட்டாரின் ஒலியை மாற்றும் சிறு கருவிப் பெட்டிகளில் போட்ட 9 வோல்ட் பேட்டரி 14 இருக்கிறது. அதையும் சேர்க்கலாமா?

தபால்பை

9 வோல்ட்டில்தான் மிகுந்த கவனம் வேண்டும். இரண்டு முனையும் ஒரே பக்கத்தில், விரல் அகலத்துக்குள் இருக்கின்றன. ஒரு சாவி, ஒரு காகிதக் கிளிப், ஒரு நாணயம் குறுக்கே விழுந்தால் போதும். இன்னும் மோசம், இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் முகத்தோடு முகம் வைத்தால் பட்டன் மாதிரி ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்ளும். ஒன்றின் பிளஸ் மற்றதன் மைனஸில்.

எங்கள் வீட்டு மேசை இழுப்பறையில் அப்படி ஒருமுறை ஆனது. பழைய பேட்டரி நாலைந்தை அள்ளிப் போட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஏதோ சூடான பிளாஸ்டிக் வாடை. இழுப்பறையைத் திறந்து எடுத்தால் இரண்டு பேட்டரி கோத்துக்கொண்டிருக்கின்றன, கையில் பிடிக்க முடியாத சூடு, தகர உறை புடைத்து ஓரம் பிரிந்திருக்கிறது. பக்கத்தில் ரசீதுக் காகிதக் கட்டு. நான் அறையில் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன்.

அனுப்புவதானால் ஒவ்வொன்றின் இரண்டு முனையும் மூடும்படி மின்காப்பு டேப் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகும் எல்லா முகமும் ஒரே திசையைப் பார்க்கட்டும். ஏஏ செல்லுக்கு டேப் வேண்டாம், ஒட்டுப் பிசின் முனையில் தங்கிவிடும். காகிதத்தில் நான்கு நான்காகச் சுருட்டி, பக்கவாட்டில் அடுக்கி, வரிசைகளுக்கு இடையே அட்டை வையுங்கள். தகர டப்பா கூடாது. பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வரக் கூடாது, அதுதான் என் கடைசிச் சோதனை.

புகைமணி

அந்த 14 ஒன்பது வோல்ட் எனக்கு வேண்டும். வீட்டில் 5 புகை எச்சரிக்கைக் கருவி இருக்கிறது, எல்லாவற்றுக்கும் போட்டுவிடலாம்.

ஒலிமேசை

மன்னிக்க வேண்டும், அதற்கு நான் தர மாட்டேன். மேடையிலேயே ஒரு காட்சிக்கு மேல் நம்பாத பேட்டரியை, உங்கள் வீட்டில் எல்லாரும் தூங்கும்போது காவல் காக்க எப்படித் தருவது? புகைக் கருவிக்குப் புதிய பேட்டரி மட்டும் வாங்குங்கள். அதைப்போலவே சர்க்கரை அளக்கும் கருவி, இரத்த அழுத்தக் கருவி, கதவுப் பூட்டு, மலையேறக் கொண்டுபோகும் டார்ச், எதற்கும் இந்தச் செல் வேண்டாம். அணைந்தால் எழுந்துபோய் வேறு செல் எடுத்து வரலாம் என்ற இடத்துக்கு மட்டும் தான்.

புகைமணி

நியாயம்தான். அப்படி யோசிக்கவில்லை. புதியதே வாங்கிவிடுகிறேன்.

இரண்டுபிள்ளைகள்

பட்டன் செல் இருந்தாலும் சொல்லுங்களேன், சாவிக்கொத்து ரிமோட்டுக்கு.

ஒலிமேசை

அதை விற்பதே இல்லை என்று முடிவு செய்திருக்கிறேன். 20 மில்லிமீட்டர் லித்தியம் வில்லையைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். ஈரம் பட்டதும் மின்னோட்டம் ஓடி அந்த இடத்தில் காரம் உண்டாகும், இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். ‘தீர்ந்துபோன’ வில்லையிலும் அதற்குப் போதுமான சக்தி மீந்திருக்கும். கடையில் கத்தரியால் வெட்டித் திறக்கும்படி அடைத்து விற்பது அதனால்தான். நான் காகித உறையில் போட்டு அனுப்பினால் அந்தப் பாதுகாப்பே போய்விடும். உங்கள் வீட்டில் சிறு பிள்ளைகள் வேறு.

புதுவரவு

ஒரு சந்தேகம். இத்தனை செல் மீந்து போகிறதே, ரீசார்ஜ் செய்யும் செல்லுக்கு மாறக் கூடாதா?

ஒலிமேசை

மாறிவிட்டோம் தம்பி. இந்த 388 தான் கடைசி. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான், ஆனால் ஓடும்போது மட்டமாக நிற்கும். முன்பெல்லாம் சார்ஜ் செய்து வைத்தால் சில வாரங்களில் தானாகவே வடிந்துவிடும் என்று பயப்படுவோம். 2005க்குப் பிறகு வந்த, மெதுவாக வடியும் வகையில் அந்தக் கவலை போய்விட்டது. இரண்டு செட் வாங்கி, ஒன்று மேடையில், ஒன்று சார்ஜரில். காட்சிக்குக் காட்சி புதிதாகச் சார்ஜ் ஆன செல், அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை.

இரண்டுபிள்ளைகள்

பார்சல் வந்துவிட்டது! கட்டியிருந்த விதம் மிக அழகு. பெட்டியைக் குலுக்கிப் பார்த்தேன், சத்தமே இல்லை. என் கணவர் ரெசிஸ்டர் வாங்கி வந்து எல்லாவற்றையும் அளந்தார்.

ஆனால் ஒரு விஷயம், தவறாக நினைக்காதீர்கள். 27 செல் நீங்கள் எழுதிய எண்ணோடு ஒத்துப்போகிறது, 0.01 கூடக் குறைய. 9 செல் மட்டும் குறைவு. நீங்கள் 1.36, 1.37 என்று எழுதியவை 1.27, 1.28 என்று வருகின்றன. வழியில் ஏதாவது ஆகியிருக்குமா?

ஒலிமேசை

தவறாக நினைக்க என்ன இருக்கிறது, அளந்து சொன்னதற்கு நன்றி. நோட்டை எடுத்துப் பார்த்தேன், நான் எழுதியது சரிதான். 36இல் 9 என்றால் சரியாகக் கால் பங்கு. ஒன்று கேட்கலாமா, ஒவ்வொரு செல்லாகக் கையில் பிடித்து அளந்தாரா, இல்லை 4 அறை உள்ள ஏதாவது கூட்டில் வைத்தா?

இரண்டுபிள்ளைகள்

ஆமாம்! அந்தப் பொம்மை ரயிலின் பேட்டரிக் கூட்டைப் பிரித்தெடுத்து, ஒவ்வொரு அறைக்கும் தனி ரெசிஸ்டர் வைத்து, நான்கு நான்காக அளந்தார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழையவானொலி

மீட்டரைச் செல்லின் முனையில் வைத்தாரா, ரெசிஸ்டரின் காலில் வைத்தாரா? ரெசிஸ்டரில் வைத்திருந்தால், செல்லுக்கும் ரெசிஸ்டருக்கும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங் தின்றதும் சேர்ந்து குறையும். 0.09 வோல்ட் குறைகிறது, ஓடுவது 130 மில்லி ஆம்பியர் பக்கம். ஸ்பிரிங்கில் முக்கால் ஓம் அளவுக்குத் துரு இருந்தால் போதும். எந்த அறை என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டுபிள்ளைகள்

நான்காவது அறை. ரெசிஸ்டரின் காலில்தான் வைத்தாராம். ரயிலில் வெள்ளை பூத்திருந்தது என்று சொன்னேனே, அதே ஸ்பிரிங். மேலே துடைத்திருந்தோம், அடியில் தகட்டோடு சேரும் இடத்தில் இன்னும் பூத்திருக்கிறது. வினிகர் வைத்துத் துடைத்து, உப்புத்தாள் போட்டு, அதே 9 செல்லையும் திரும்ப வைத்தோம். இந்த முறை மீட்டரைச் செல் முனையில். 1.36, 1.36, 1.37, 1.35... எல்லாம் உங்கள் எண்தான். வீணாகச் சந்தேகப்பட்டுவிட்டேன்.

ஒலிமேசை

சந்தேகம் வந்தால் கேட்கத்தான் வேண்டும். அந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரயில் நல்ல செல்லிலும் மெதுவாகத்தான் ஓடும்.

கடிகாரப்பெட்டி

என் பொட்டலமும் வந்தது ஐயா. இரண்டாவது வகை இன்னும் இருக்கிறதா?

ஒலிமேசை

ஒன்று இருக்கிறது. நாளை காலை தபாலில் போடுகிறேன். அதோடு டப்பா காலி.

இரண்டுபிள்ளைகள்

ஸ்பிரிங் மாற்றியாகிவிட்டது. 1.36 எழுதிய நாலு செல் போட்டிருக்கிறோம், எல்லாம் ஒரே செட். ரயில் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.